முழங்காலில் அடி... ஆட்டம் நின்றால் எடை கூடுமா? சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

வேலை முடிந்த ஒரு மாலை. ஜாலான் புசார் பக்கம் நண்பர்களோடு காற்பந்து. பந்தை வாங்கிக்கொண்டு சட்டென்று திரும்புகிறீர்கள். பாதம் தரையிலேயே நின்றுவிடுகிறது. உடம்பு மட்டும் திரும்பிவிடுகிறது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம்.

சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடுகிறது. மருத்துவரிடம் போகிறீர்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள். "சில மாதத்துக்கு விளையாட்டு வேண்டாம்" என்ற பதிலோடு வீடு திரும்புகிறீர்கள்.

முதல் வாரம் முழுக்க வலிதான் பெரிய விஷயம். இரண்டாம் வாரத்தில் வேறு ஒரு கவலை எட்டிப் பார்க்கும்.

"இப்படியே உட்கார்ந்திருந்தா வெயிட் போட்டுடுமே!"

உடனே பலர் செய்வது என்ன? காலை உணவை விட்டுவிடுவார்கள். சோற்றை நிறுத்திவிடுவார்கள். இரவில் ஒரு கிண்ணம் சாலட் மட்டும்.

கவலை நியாயமானது. ஆனால் அந்தத் தீர்வு உங்கள் முழங்காலுக்கே எதிராக வேலை செய்யக்கூடும். எப்படி? பார்ப்போம்.

ஆட்டம் நின்றால் எவ்வளவு எடை கூடும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 90 நிமிடம் சாதாரணமாகக் காற்பந்து ஆடினால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடச் சுமார் 600 கலோரி கூடுதலாகச் செலவாகும். வாரத்தில் 2 ஆட்டம் என்றால் 1,200 கலோரி. அதை 7 நாளுக்குப் பிரித்தால், ஒரு நாளுக்குச் சுமார் 170 கலோரி.

அடிபட்ட பிறகு நடையும் குறையும். தினமும் 9,000 அடி நடந்தவர் 4,000 அடிக்கு இறங்கினால், இன்னொரு 130 கலோரி மிச்சமாகும்.

மொத்தம்? ஒரு நாளுக்கு ஏறக்குறைய 300 கலோரி.

முன்பு சாப்பிட்ட அதே அளவைத் தொடர்ந்து சாப்பிட்டால், மாதத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ கூடலாம். ஆறு மாதம் ஓய்வு என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் எடை கூடும் என்ற பயம் கற்பனை இல்லை. அதே சமயம், சரிக்கட்ட வேண்டியது 300 கலோரிதான். பட்டினி கிடந்து ஒரு நாளுக்கு 1,000 கலோரியைக் குறைக்கத் தேவையே இல்லை.

எடை கூடினால் முழங்காலுக்கு என்ன?

நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை உங்கள் உடல் எடையைவிடப் பல மடங்கு.

2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. கூடுதல் எடையும் மூட்டுத் தேய்மானமும் இருந்த மூத்தவர்கள் அதில் பங்கேற்றனர். எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைந்தது.

இளம் வயதினர்மீது நடத்தப்பட்ட ஆய்வு இல்லைதான். ஆனால் தசைநார் கிழிந்த முழங்காலில் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது மருத்துவ உலகம் அறிந்த ஒன்று. அந்த முழங்காலின் மேல் கூடுதல் சுமையை ஏற்றாமல் இருப்பது நல்லதுதானே?

தராசு சொல்லாத விஷயம்

இனிதான் முக்கியமான பகுதி.

நெதர்லந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஆய்வாளர்கள் 24 ஆரோக்கியமான இளையர்களின் ஒரு காலுக்குக் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தார்கள். அந்த ஆய்வு 2014இல் வெளியானது.

▶ 5 நாளில் முன்தொடைத் தசையின் அளவு 3.5 விழுக்காடு சுருங்கியது.

▶ 14 நாளில் 8.4 விழுக்காடு சுருங்கியது.

▶ அதே 14 நாளில் காலின் வலு 20 விழுக்காட்டுக்குமேல் குறைந்தது.

காயமே இல்லாத கால்களின் நிலை இது. அடிபட்டு வீங்கிய காலில் பாதிப்பு இன்னும் அதிகமாக இருக்கலாம். வீக்கமும் வலியும் இருந்தால், தொடைத் தசையை முழுமையாக இயக்க மூளையால் முடியாமல் போகும்.

இப்போது தராசில் ஏறிப் பாருங்கள். 70 கிலோ. போன மாதமும் 70 கிலோ. "அப்பாடா, வெயிட் ஏறலை!" என்று நிம்மதி அடைவீர்கள்.

ஆனால் உள்ளே 1 கிலோ தசை போய், 1 கிலோ கொழுப்பு வந்திருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். முழங்காலுக்கு அப்படி இல்லை. முன்தொடைத் தசைதான் முழங்காலைத் தாங்கிப் பிடிக்கிறது. நீங்கள் குதித்து இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் அதுதான்.

தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைதான். நம் இந்தியக் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. தசையைக் காப்பது அந்த வகையிலும் நமக்குத் தேவை.

இப்போது பட்டினியின் பிரச்சினை புரியும். சாப்பாட்டை மிகவும் குறைத்தால் உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் கரைக்கும். காயம் ஆறுவதற்குத் தேவையான சக்தியும் கிடைக்காது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் ஊன்றுகோலில் நடப்பவர்களுக்கும் உடலின் தேவை நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஊன்றுகோலுடன் புளோக்கைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள், எப்படி மூச்சு வாங்குகிறது என்று தெரியும்!

ஆகவே முதல் சில வாரங்களுக்கு இலக்கு எடையைக் குறைப்பது அல்ல. எடையை நிலையாக வைத்து, தசையைக் காப்பாற்றுவது. ஏற்கெனவே கூடுதல் எடை இருப்பவர்கள், காயம் ஓரளவு ஆறிய பிறகு, மருத்துவர் ஆலோசனையோடு மெதுவாகக் குறைக்கலாம்.

புரதம் எவ்வளவு வேண்டும்?

சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் 1 கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பார்கள். காயத்திலிருந்து மீளும் விளையாட்டாளர்களுக்கு ஊட்டச்சத்து நிபுணர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு 1.6 கிராம் அல்லது அதற்குமேல்.

60 கிலோ எடை உள்ளவருக்கு இது 96 கிராம். அதாவது ஒரு வேளைக்கு 24 கிராம் என்று நான்கு வேளை. ஒரே வேளையில் மொத்தமாகச் சாப்பிடுவதைவிட இப்படிப் பிரித்துச் சாப்பிடுவது தசைக்கு நல்லது.

24 கிராம் புரதம் என்றால் எவ்வளவு? தோராயமாக:

▶ 4 முட்டை

▶ சமைத்த கோழி அல்லது மீன் சுமார் 100 கிராம், அதாவது உங்கள் உள்ளங்கை அளவு

▶ 'தாவ் குவா' எனும் கெட்டியான தோஃபு சுமார் 200 கிராம்

▶ தெம்பே சுமார் 130 கிராம்

▶ ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பும் ஒரு குவளை பாலும்

சைவ உணவு சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். "நான்தான் தினமும் சாம்பார் சாப்பிடுறேனே!" என்பீர்கள். இட்லிக்கு ஊற்றும் சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம், பருப்பு கொஞ்சம்தான். கெட்டிப் பருப்பு, கொண்டைக்கடலை, பனீர், தோஃபு, தயிர் என்று ஒவ்வொரு வேளைக்கும் ஏதாவது ஒன்றைத் திட்டமிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

சரி, தேக்காவில் என்ன வாங்குவது?

சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஆரோக்கியத் தட்டு' முறை எளிமையானது. தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால்பகுதி முழுதானியம். மீதிக் கால்பகுதி மீன், இறைச்சி, முட்டை, பருப்பு போன்றவை.

நம் தட்டு பெரும்பாலும் எப்படி இருக்கும்? முக்கால்வாசி சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய், மேலே குழம்பு. கோழி இரண்டு துண்டு.

தட்டை மாற்றவேண்டாம். பங்கை மாற்றினால் போதும்.

▶ வாழையிலைச் சாப்பாடா? முதலிலேயே "சோறு பாதி போதும்" என்று சொல்லிவிடுங்கள். காய்கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்குங்கள். குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளாமல் மீன் துண்டையும் வாங்குங்கள்.

▶ காலையில் தோசையா? தாராளமாக. இரண்டு அவித்த முட்டையைச் சேர்த்துக்கொண்டால் மதியம்வரை பசிக்காது.

▶ பரோட்டாவா? மாவிலும் எண்ணெய், கல்லிலும் எண்ணெய். தினமும் வேண்டாம். ஆசைக்கு ஒன்று, கூடவே முட்டையோ பருப்போ.

▶ கோழிச்சோறா? வேகவைத்த கோழி, தோல் இல்லாமல். எண்ணெய்ச் சோற்றுக்குப் பதில் வெள்ளைச் சோறு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

▶ யோங் தாவ் ஃபூவா? தோஃபு, முட்டை, கீரை, காளான். பொரித்தவற்றைத் தவிர்த்துவிட்டு சூப்போடு.

இன்னொரு விஷயம். ஊன்றுகோலோடு தட்டைத் தூக்கிக்கொண்டு உணவங்காடியில் இடம் தேட முடியாது. அதனால் வீட்டிலிருந்தே செயலியில் உணவு வாங்கும் பழக்கம் வந்துவிடும். 'இன்னும் 5 வெள்ளிக்கு வாங்கினால் விநியோகம் இலவசம்' என்று திரை சொல்லும். நீங்களும் ஒரு இனிப்புப் பானத்தைச் சேர்ப்பீர்கள். ஒரு நாளில் குறைத்த 300 கலோரி அந்த ஒரு சொடுக்கில் திரும்பி வந்துவிடும்.

விநியோகக் கட்டணம் மிச்சமாகவேண்டும் என்றால், மறுநாளைக்கும் ஆகும் அவித்த முட்டை, பழம், தயிர் போன்றவற்றைச் சேர்த்து வாங்குங்கள்.

குடிப்பதில்தான் பெரிய மிச்சம்

அந்த 300 கலோரியை எங்கே குறைப்பது என்று கேட்டால், பலருக்கும் பதில் தட்டில் இல்லை, குவளையில்!

போத்தல், டப்பா பானங்களில் 2022 டிசம்பர் 30 முதல் 'நியூட்ரி-கிரேட்' முத்திரை இருக்கிறது. 2023 டிசம்பர் 30 முதல் கடையில் தயாரித்துத் தரும் பானங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. D தரம் என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்கலாம்.

அப்படிப்பட்ட பானம் 500 மில்லிலிட்டர் குடித்தால் என்ன ஆகும்?

50 கிராமுக்குமேல் சர்க்கரை. 200 கலோரிக்குமேல். 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் உச்சவரம்பு, ஒரே குவளையில் முடிந்துவிட்டது!

சிறிய காப்பிக்கடைகளில் இந்த முத்திரை இருக்காது. அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது நீங்கள் ஆர்டர் செய்யும் முறை.

▶ 'தே', 'தே தாரிக்' இரண்டிலும் ஊற்றுவது கட்டிப்பால். சீனி போடவேண்டாம் என்று சொன்னாலும் அந்தப் பாலிலேயே சர்க்கரை இருக்கிறது.

▶ 'தே சி கோசோங்' என்றால் சீனி இல்லாமல், இனிப்புச் சேர்க்காத பாலுடன் வரும்.

▶ 'காப்பி ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை.

▶ ஒரேயடியாக விட முடியவில்லையா? 'சியூ டாய்' என்று கேளுங்கள். இனிப்பு குறையும். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

ஒரு நாளில் இரண்டு இனிப்புப் பானங்களை மாற்றினாலே, ஆட்டம் நின்றதால் மிச்சமான கலோரியில் பெரும்பகுதி கணக்கில் நேராகிவிடும். சோற்றில் கை வைக்கவே தேவையில்லை.

மதுபானம்? அதில் கலோரியும் அதிகம். தசை வளர்வதையும் அது தடுக்கும். முழங்கால் தேறும்வரையாவது தள்ளிவையுங்கள். வலி மருந்து எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டையும்

அடிபட்ட செய்தி பரவினால் போதும். பெரியம்மா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொண்டுவருவார். பாட்டி பிரண்டைத் துவையல் அரைப்பார். "நல்லா சாப்பிடு, எலும்பு கெட்டியாகும்" என்பார்கள்.

அன்பை மறுக்கவேண்டாம். சூப்பைக் குடியுங்கள், துவையலைச் சாப்பிடுங்கள். ஆனால் இரண்டு உண்மைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, பெரும்பாலான விளையாட்டுக் காயங்களில் அடிபடுவது எலும்பு அல்ல; தசைநாரும் குருத்தெலும்பும்தான். இரண்டு, ஆட்டுக்கால் சூப்பில் உள்ள புரதம் நேராக முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. மற்றப் புரதங்களைப் போலவே வயிற்றில் செரித்து உடைந்துவிடும். சூப்பில் உப்பும் கொழுப்பும் கூடுதலாக இருக்கலாம். ஆறவைத்து மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டுக் குடிக்கலாம்.

கவனமாக இருக்கவேண்டியது வேறு ஒன்றில். 'மூட்டுவலி மாயமாகும்' என்று இணையத்திலும் தெரிந்தவர்கள் மூலமும் வரும் பொடிகள், மாத்திரைகள்.

வலி நிவாரணத்துக்கு என்று விற்கப்பட்ட இத்தகைய பொருள்கள் சிலவற்றில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிட்டால் வலி சீக்கிரம் குறைந்ததுபோல இருக்கும். ஆனால் முகம் உப்பும், எடை கூடும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். எடை கூடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டவருக்கு இது எவ்வளவு பெரிய அடி!

கால்தான் ஓய்வில்... உடம்பு அல்ல

சிங்கப்பூரின் உடற்பயிற்சி வழிகாட்டி பெரியவர்களுக்குச் சொல்வது இதுதான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி.

முழங்காலில் அடிபட்டவர் அதை எப்படிச் செய்வது? முதலில் மருத்துவரிடமும் இயன்முறைச் சிகிச்சையாளரிடமும் கேளுங்கள். காலில் எவ்வளவு எடை வைக்கலாம், முழங்காலை எந்த அளவு மடக்கலாம் என்பது காயத்துக்குக் காயம் மாறும். குருத்தெலும்பைத் தைத்தவருக்கு ஒரு விதி, தைக்காதவருக்கு வேறு விதி.

அவர்கள் அனுமதித்தால், வழக்கமாகத் தொடங்கும் பயிற்சிகள் இவை:

▶ தொடையை இறுக்குதல்: காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலை மெத்தையில் அழுத்துவதுபோல முன்தொடையை 5 விநாடி இறுக்கி விடுங்கள். நாடகம் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

▶ கணுக்கால் அசைவு: பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ரத்த ஓட்டத்துக்கு நல்லது.

▶ மேலுடல் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்தபடி எடை தூக்கலாம், ரப்பர் பட்டையை இழுக்கலாம்.

▶ நல்ல காலுக்குப் பயிற்சி: ஒரு காலைப் பயிற்றுவித்தால் மற்றக் காலின் வலுவும் ஓரளவு காக்கப்படுகிறது. நரம்பு மண்டலம் செய்யும் வேலை அது. "ஒரு கால் மட்டும் தடிச்சுடுமோ?" என்று பயந்து நல்ல காலையும் சும்மா வைத்திருக்காதீர்கள்.

▶ நிலைச் சைக்கிள்: முழங்கால் போதிய அளவு மடங்கத் தொடங்கிய பிறகு, குறைந்த எதிர்ப்பில்.

பயிற்சி முடிந்த அன்று இரவோ மறுநாளோ வீக்கம் கூடினால், அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த முறை குறையுங்கள்.

தண்ணீரில் எடை குறையும்!

ஜாலான் புசார் என்றதும் நினைவுக்கு வருவது விளையாட்டரங்கம். 1929 டிசம்பர் 26ஆம் தேதி திறக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காற்பந்து ரசிகர்கள் கூடிய இடம்.

அதன் பக்கத்திலேயே நீச்சல் வளாகமும் இருக்கிறது. முழங்காலில் அடிபட்டவருக்குத் திடலைவிட அந்தத் தண்ணீர்தான் முதல் நண்பன்.

காரணம் எளிது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால், காலில் விழும் எடை ஏறக்குறையப் பாதியாகிவிடும். நெஞ்சளவு தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான். 70 கிலோ எடையுள்ளவர் 25 கிலோவுக்கும் குறைவானவரைப்போல நடக்கலாம்.

ஆனால் சில நிபந்தனைகள்:

▶ அறுவைச் சிகிச்சைக் காயம் முழுமையாக மூடியிருக்கவேண்டும். மருத்துவர் சொல்லும்வரை இறங்காதீர்கள்.

▶ தவளை நீச்சல் வேண்டாம். காலை விரித்து உதைப்பது முழங்காலின் உட்பக்கத் தசைநாரை இழுக்கும். கால்களுக்கிடையே மிதவை வைத்துக்கொண்டு கையால் மட்டும் நீந்தலாம்.

▶ ஈரமான தரையில் கவனம். பலருக்கு இரண்டாவது அடி அங்கேதான் விழுகிறது.

கிளம்புவதற்கு முன், வளாகம் திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

எடையை எப்படிக் கண்காணிப்பது?

தினமும் தராசில் ஏறவேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை, காலையில், சாப்பிடுவதற்கு முன் போதும். அதோடு துணி அளக்கும் நாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

▶ இடுப்புச் சுற்றளவு: ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது.

▶ தொடைச் சுற்றளவு: இரண்டு கால்களிலும் முழங்கால் சில்லுக்கு மேல் ஒரே உயரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மாதாமாதம் குறையவேண்டும்.

எடை அப்படியே இருந்து, இடுப்பு பெருத்து, தொடை மெலிந்தால்? தசை போய்க் கொழுப்பு வருகிறது. புரதத்தையும் பயிற்சியையும் கவனியுங்கள்.

எடை சற்றுக் கூடி, இடுப்பு அப்படியே இருந்து, தொடை தடித்தால்? கவலை வேண்டாம். நல்ல செய்திதான்.

உடல் எடைக் குறியீட்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 18.5 முதல் 22.9 வரை ஆரோக்கியமான அளவு. 1.70 மீட்டர் உயரம் உள்ளவருக்கு 23 என்பது சுமார் 66.5 கிலோ. தசை அதிகம் உள்ள விளையாட்டாளர்களுக்கு இந்த எண் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது.

எப்போது திடலுக்குத் திரும்பலாம்?

வலி போனதும் திரும்பிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து.

முழங்காலின் முன்சிலுவைத் தசைநார், அதாவது 'ஏசிஎல்', கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, 9 மாதம்வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்காலில் மீண்டும் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இரண்டு தொடைகளின் வலுவும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் குறைவு.

தொடைத் தசைக்காக இவ்வளவு பேசியதன் காரணம் இதுதான்.

பிரேசில் நட்சத்திரம் நெய்மாருக்கு 2023 அக்டோபர் 17ஆம் தேதி உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவர் மீண்டும் களம் இறங்கியது 2024 அக்டோபர் 21ஆம் தேதி. ஓராண்டுக்குமேல்!

நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவர், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜன். ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இந்திய அணிக்காக அறிமுகமாகிப் புகழின் உச்சியில் இருந்த நேரம். சில மாதத்தில், 2021 ஏப்ரலில், ஐபிஎல் தொடரின் பாதியிலேயே விலகி முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2022 ஐபிஎல் தொடரில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட் எடுத்தார்.

அவர்களுக்கு மருத்துவர், சமையல்காரர், பயிற்சியாளர் என்று ஒரு படையே உண்டு. நமக்கு? பலதுறை மருந்தகம், தேக்கா சந்தை, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல் குளம். முறையாகப் பயன்படுத்தினால் அதுவே பெரிய உதவி. பலதுறை மருந்தக மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குப் போனால், நிபுணர் சிகிச்சைக்கு மானியமும் கிடைக்கும்.

தேசிய சேவையில் இருப்பவர்கள், உடலுறுதிச் சோதனை நெருங்குகிறது என்று வலியை மறைத்து ஓடாதீர்கள். மருத்துவ அறிக்கையோடு முகாம் மருத்துவரைப் பாருங்கள்.

இவை இருந்தால் காத்திருக்கவேண்டாம்

▶ முழங்கால் மடங்காமலோ நீட்ட முடியாமலோ சிக்கிக்கொள்வது

▶ முழங்கால் சிவந்து சூடாகி, காய்ச்சலும் வருவது

▶ கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. ரத்தம் உறைந்திருக்கலாம்.

திடீரென்று மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி வந்தால் உடனே 995ஐ அழையுங்கள்.

மனசுக்கும் அடிபடும்

கடைசியாக ஒன்று. ஆட்டம் நின்றால் நண்பர்கள் கூட்டமும் நின்றுவிடும். வியர்வை இல்லை, சிரிப்பு இல்லை. அந்தச் சலிப்பில்தான் இரவு 11 மணிக்குக் கை முறுக்கு டப்பாவைத் தேடும். அது பசி அல்ல.

ஆட முடியாவிட்டாலும் ஆட்டத்தைப் பார்க்கப் போங்கள். ஸ்கோர் எழுதுங்கள். நண்பர்களோடு காப்பிக்கடையில் உட்காருங்கள், ஒரு தே சி கோசோங்கோடு. 7 முதல் 9 மணி நேரம் தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும், காயமும் மெதுவாக ஆறும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

நாளை காலையே தொடங்க மூன்று வேலைகள் போதும். சீனி இல்லாத ஒரு பானம். காலை உணவோடு இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு. மருத்துவர் அனுமதித்திருந்தால், பல் துலக்கிவிட்டு வந்து தொடையை 10 முறை இறுக்கி விடுவது.

திடல் எங்கேயும் போய்விடாது. நீங்கள் திரும்பி வரும்போது, தொடை தயாராக இருக்கட்டும்!